இரவல் தோள்வலி

பிப்ரவரி இரண்டாம் தேதி, காலை எட்டேகால் மணிக்குள் பதினோரு டாக்டர்கள் போனிலேயே லிப்ட்காரரைக் கைகழுவிவிட்டார்கள். லிப்ட் பழுது பார்ப்பவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பேர். ஊரையே மாடிக்கு ஏற்றிவிடும் மனிதருக்கு ஒரு வாரமாக வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. கை சரியாகும்வரை வீட்டிலேயே இருக்கும்படி முதலாளி அனுப்பிவிட்டார். சம்பளம் கிடையாது.

"புது நோயாளிங்களைச் சேர்க்கிறதில்லைங்க" என்று பதினோரு இடத்திலும் ஒரே பல்லவி. பன்னிரண்டாவது இடம் சேர்த்துக்கொள்ளத் தயார். முன்கூட்டியே கட்டவேண்டிய வருஷக் கட்டணத்தைக் கேட்டதும் அவருடைய இடது தோளும் வலித்தது.

"கல்யாணமான புதுசுலயே எங்க டாக்டர்கிட்ட உங்க பேரையும் சேர்க்கலாம்னேன். கேட்டீங்களா?" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடி.

"அப்ப எருமை மாதிரி இருந்தேன். டாக்டர் எதுக்கு?"

"இப்பவும் அப்படித்தான் இருக்கீங்க. தோள் மட்டும்தான் மனுஷத் தோள்."

லிப்ட்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மூளை வேலை செய்துகொண்டிருந்தது.

"நாளைக்கு உனக்கு வருஷாந்திர செக்கப் இருக்கில்ல? பணமும் கட்டியாச்சு. என் வலியை உன் வலின்னு சொல்லி மாத்திரை எழுதி வாங்கிட்டு வந்துடு."

"டாக்டர்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"வலி நிஜம்தானே? ஆள்தான் மாறுது."

அன்று மாலை ஒத்திகை நடந்தது. கையைத் தூக்கும்போது எங்கே முகம் சுளிக்க வேண்டும், எங்கே 'அம்மா' என்று அலற வேண்டும் என்று வாத்தியார் போலச் சொல்லிக்கொடுத்தார். மனைவி நல்ல மாணவி. மூன்றாவது அலறலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள்.

மறுநாள் திரும்பி வந்த மனைவி சோபாவில் நீட்டிப் படுத்தாள்.

"மாத்திரை எங்கே?"

"மாத்திரையே வேண்டாம்னுட்டார். ஆறு வாரம் முழு ஓய்வு. கரண்டி பிடிக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது, தரை துடைக்கக் கூடாது."

"நான் எங்கே துடைக்கிறேன்?"

"உங்களை யார் சொன்னா? எனக்கு."

"உனக்குத்தான் வலியே இல்லையே!"

"அப்படியா? போன் பண்ணி டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

லிப்ட்காரர் போனை எடுத்தார். எண்ணைப் பார்த்தார். என்ன சொல்வது என்று யோசித்தார். வைத்துவிட்டார்.

"இன்னொண்ணு. ரொம்பக் கெஞ்சினதுல உங்களையும் சேர்த்துக்கிட்டார். அடுத்த மாசம் வரச் சொன்னார். முழு ஃபீஸ் கட்டிட்டேன்."

"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"முதல்ல அந்த மூலையைத் துடைங்க. தண்ணி நிக்குது."

இடது கையால் துடைத்தார். நாளாக ஆக வலது கையும் வேலையில் சேர்ந்துகொண்டது.

மார்ச் ஒன்பதாம் தேதி டாக்டர் லிப்ட்காரரின் தோளை அமுக்கிப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். வீட்டு வேலையால்தான் பிடிப்பு விட்டுக்கொண்டு வருகிறது, அதை நிறுத்த வேண்டாம் என்றார். கூட வந்திருந்த மனைவி கையைத் தூக்கிக் காட்டி 'அம்மா' என்றாள். அவளுடைய ஓய்வு ஏப்ரல் முப்பதாம் தேதிவரை நீட்டிக்கப்பட்டது.