இரண்டு சீட் காரும் மெத்தென்ற ஸ்ப்ரிங்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே ஒரு சபதம் எடுத்தேன். இனி என் காரில் நான் தனியாகப் போவதில்லை. என் மனைவி சுப்புலக்ஷ்மியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தே தீருவேன்.

இதற்கெல்லாம் சபதமா என்று கேட்பவர்கள் என் காரைப் பார்த்ததில்லை. ரிட்டயரான கையோடு வாங்கியது. ஜப்பான்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டு கதவு, இரண்டே சீட். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்குள் அது திரும்பினால் பசுமாடுகூட எழுந்து நின்று பார்க்கும். ஷெட்டில் ஒரு காருக்குத்தான் இடம். அதனால், டீச்சர் வேலைக்கு சுப்புலக்ஷ்மி ஓட்டிப் போய்க்கொண்டிருந்த சின்ன மாருதியை விற்றேன். சாவியை அவளே எடுத்துக் கொடுத்தாள். அவள் சண்டை போடாதபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

புதுக் காரில் ஒரே ஒரு தடவை ஏறினாள். விழிஞ்ஞம் வரை. ஸ்ப்ரிங் தொய்ந்துபோய், ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிக்கொண்டிருந்த சமயம். ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியும் அவள் முதுகெலும்பில் கையெழுத்துப் போட்டது. வீட்டு வாசலில் இறங்கியவள் நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட்டாள்:

"இது காரா, மாவு மில்லா?"

அதோடு சரி. கிழக்கேகோட்டைக்கு அவள் ஆட்டோவில் முன்னே போவாள். நான் ஸ்போர்ட்ஸ் காரில் பின்னே போவேன். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் நான் அடிதட்டாமல் ஊர்ந்து ஏறி இறங்குவதற்குள், பழவங்காடி கணபதிக்கு அவள் தேங்காய் உடைத்தே முடித்திருப்பாள்.

சிரிக்கலாம். ஆனால் சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் அந்தக் காரில் உட்கார்ந்து பாருங்கள். எல்லோரும் கடலைப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். ஒரு நாள் ஒரு சின்னப் பெண் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அங்கிள் தனிச்சாணோ?" என்று கேட்டது. ஆமாம், தனியாகத்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. "ஆன்ட்டி இப்போ வரும்" என்றேன். இருட்டும் வரை நானே அதை நம்பி உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெண் அஸ்வதி மெல்போர்னிலிருந்து போன் பண்ணுவாள். "சுகமாப்பா? அம்மாகிட்ட குடு." கொடுத்துவிட்டுக் காரைத் துடைக்கப் போவேன். திருவனந்தபுரத்திலேயே அதிகம் துடைக்கப்பட்ட கார் அதுதான்.

சபதத்தோடு கரமனைக்குப் போனேன். அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நேசையன் இரண்டு வழி சொன்னார்.

"ஒண்ணு, குட்டை ஸ்ப்ரிங், கட்டி ஷாக். வண்டி தரையோட ஒட்டி நிக்கும் ஸாரே. எறும்பு கிராஸ் பண்ணணும்னா நம்ம பெர்மிஷன் வேணும்."

"இன்னொண்ணு?"

"கம்பெனி உயரத்துக்கே ஸ்ப்ரிங், மெத்துன்னு ஷாக், எல்லா மூட்டுக்கும் புது ரப்பர். உள்ளே உக்காந்தா மெத்தையாக்கும். பக்ஷே, கெத்து இருக்காது."

எனக்கு வேண்டியது கெத்து. கல்லூரி நாளிலிருந்து கண்ட கனவு. ஆனால் முதுகு சுப்புலக்ஷ்மியுடையது. கனவைத் தியாகம் செய்தேன். அதை அவளிடம் சொல்ல முடியுமா? கல்யாணமான நாளிலிருந்து நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு. எனவே ஒரு தந்திரம் செய்தேன். கட்டி ஸ்ப்ரிங்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது. அவள் மெத்து என்பாள். தானே தேர்ந்தெடுத்த ஸ்ப்ரிங்கில் உட்காராமல் இருப்பாளா?

"சுப்பு, காருக்குப் புது சஸ்பென்ஷன் வாங்கப் போறேன்."

"சர்வீஸ் பூரா ஒரு சஸ்பென்ஷன் வாங்காம தப்பிச்சேள். ரிட்டயரானப்பறமா வாங்கணும்?"

"இது வேற. ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பர்..."

"இந்த ஆத்துல அது நானாக்கும்."

"கல்லு மாதிரி கட்டியா போடப் போறேன். கார் அப்படியே தரையில படுத்துண்டு போகும்."

"படுத்துண்டு போறதுக்கு ஆம்புலன்ஸ் போறாதோ?"

"நீ என்ன சொன்னாலும் கட்டிதான்!"

கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் ஒர்க்‌ஷாப்புக்கு வரேன்."

எனக்குள் செண்டை மேளம் கொட்டியது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

நேசையனை அவள் பரீட்சை ஹாலில் காப்பியடித்த பையனைப் போல விசாரித்தாள்.

"குழியில இறங்கினா?"

"அறியவே மாட்டீங்க டீச்சரே."

"ரெண்டு பேர் உக்காந்தா அடி தட்டுமா?"

"தட்டாது."

"நாகர்கோவில் தாண்டிப் போனா முதுகு பிடிக்குமா?"

"கன்யாகுமரி வரைக்கும் போலாம். அதுக்கப்புறம் கடலாக்கும்."

"அப்போ மெத்தே போடுங்கோ."

தோற்றவன் போல நான் பெருமூச்சு விட்டேன். நேசையன் மனமிரங்கி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அவள் ஏறி உட்கார்ந்தாள். திருவல்லம் தாண்டி ஒரு பெரிய ஸ்பீட் பிரேக்கர். கார் படகு போல எழும்பி இறங்கியது.

"நன்னா இருக்கே!" என்றாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள். அஸ்வதி அங்கே அவியல் செய்து அது கூழானதை. எதிர்வீட்டு சரஸ்வதியம்மாளின் முழங்கால் வலியை. அவள் தனக்குத்தானே சிரித்துக்கொள்ளும் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது. ரோட்டைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, வெளியே கடலில் நின்ற பெரிய கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தனிமை ஒழிந்தது என்று நினைத்தேன்.

"தள்ளுங்கோ. கொஞ்சம் நான் ஓட்டறேன்" என்றாள்.

தள்ளினேன். வீடு வரை ஓட்டினாள். என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். அதை வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்கு வந்தால் கார் உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கில் சுப்புலக்ஷ்மி. பக்கத்தில், மடியில் ஃபிளாஸ்கோடு சரஸ்வதியம்மாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"சுசீந்திரம்."

"அப்போ நான்?"

"ரெண்டே சீட்னு பாத்து வாங்கினது நீங்கதானே?"

எனக்கு ஆத்திரம் வந்தது. ராணுவ ரகசியத்தையே போட்டு உடைத்தேன். "இந்த மெத்து ஸ்ப்ரிங் வந்ததே என் தந்திரத்தால! நான் கட்டின்னு சொன்னதே நீ மெத்துன்னு சொல்லணும்னுதான்!"

"அது அன்னிக்கே தெரியுமே. நெஜமா கட்டி வேணும்னா எங்கிட்ட சொல்லியா இருப்பேள்? போட்டுண்டு வந்து நின்னிருப்பேள்."

சரஸ்வதியம்மாள் நாகரிகமாக ஃபிளாஸ்கின் மூடியை ஆராய்ந்தார். சுப்புலக்ஷ்மியின் குரல் தணிந்தது.

"முதுகு பிடிச்சது வாஸ்தவம். அதுக்கப்பறம் ஒரு நாளாவது 'வாயேன்'னு கூப்பிட்டேளா? கூப்பிட்டிருந்தா முதுகைப் பிடிச்சுண்டே வந்திருப்பேன்."

ஸ்ப்ரிங், ஷாக், ரப்பர் என்று அத்தனையும் மாற்றினேன். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அடுத்த ஞாயிறு என்னோட வாயேன், சுப்பு."

அவள் முகம் மலர்ந்தது. கியரைப் போட்டாள்.

"வரேனே! ஆனா பஜனை மாமிகள் எல்லாரும் வரிசையா சொல்லி வெச்சிருக்கா. ஓணத்துக்கப்பறம் ஒரு ஞாயிறு உங்களுக்குன்னு ஒழிச்சுத் தரேன். அன்னிக்கும் நான்தான் ஓட்டுவேன், கேட்டேளா?"