நெடுவளி நாட்டின் காற்றுக் குறிப்பேடு

நெடுவளி நாட்டில் செய்தி நடந்து வருவதில்லை, பறந்துதான் வரும். சொல்ல வேண்டியதைக் காற்றாடித் தாளில் எழுதி, மாடியிலிருந்து ஏற்றி, நூலை அறுத்துவிடுவார்கள். அது எந்த மாடியில் வந்து சிக்குகிறதோ அந்த வீட்டார் மறுபடி ஏற்றிவிட வேண்டும். காற்றாடி தரையைத் தொட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது அங்கே நம்பிக்கை. ஆகவே முதலில் ஏற்றுவார்கள், நேரமிருந்தால் படிப்பார்கள். பிடிப்பதும் ஏற்றுவதும் பெரும்பாலும் குழந்தைகளின் வேலை. அவர்களுக்குத்தான் கண் கூர்மை, கால் வேகம்.

அந்த நாட்டின் ஏரிக்கரை ஊரில் வஞ்சிக்கொடி பள்ளி ஆசிரியையாக இருந்தாள். ஒருநாள் அவள் கையிலேயே ஒரு காற்றாடி சிக்கியது. மருந்து விற்க வருகிறவள் பிள்ளை பிடிப்பவள் என்றது முதல் வரி. மழை இருட்டிக்கொண்டு வந்தது, கொடியில் துணி கிடந்தது. காற்றாடியை ஏற்றிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் ஒரு பெண்ணை அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவள் பையில் சுக்கும் திப்பிலியும் இருந்தன.

அந்தக் காற்றாடி நூறு மாடிகளைத் தாண்டி வந்திருக்கும். அந்தப் பாவத்தில் தன் பங்கு எவ்வளவு என்று வஞ்சி பல நாள் தனக்குள் தேடினாள். பங்கு பிரியாத பாவமும் உண்டு. நூறு பேரும் ஆளுக்கு முழுதாகவே சுமக்க வேண்டியது அது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை அரித்தது.

அதன் பிறகுதான் வகுப்பில் அந்தப் பாடத்தைத் தொடங்கினாள்.

"பிடிச்ச உடனே ஏத்தக் கூடாது. கையில வச்சுப் பாருங்க. எங்கேருந்து வர்றதா சொல்லுது? அந்தப் பக்கமிருந்து இன்னிக்குக் காத்து அடிச்சுதா?"

"காத்து எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும் டீச்சர்?"

"எங்க மாமா வெத்தலையத் துப்பினா தெரிஞ்சிடும் டீச்சர்," என்றாள் செங்கா. "நேத்து அவரு மூஞ்சியிலயே விழுந்துச்சு."

வகுப்பு சிரித்தது. வஞ்சியும் வெகுநாள் கழித்துச் சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு பிள்ளை மாடியேறி, ஈர விரலை உயர்த்திப் பார்த்து, காற்றின் திசையை ஒரு குறிப்பேட்டில் எழுதும். கீழே வஞ்சி கையெழுத்திடுவாள். கிழக்கிலிருந்து வந்ததாகச் சொல்லும் காற்றாடி, மேற்கிலிருந்து காற்று வீசிய நாளில் வந்தால், அதைப் பிள்ளைகள் ஏற்றுவதில்லை. ஒரு வருடத்தில் அந்த ஊரில் காற்றாடிகள் தரையில் விழத் தொடங்கின. எந்த வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செய்தி தலைநகர் மாமன்றத்துக்கு எட்டியது. விழிப்புத் துறைச் செயலர் வரதுங்கன் மேளதாளத்துடன் வந்து வஞ்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"பொய் என்னும் பெருநோய்க்கு நம் குழந்தைகளின் ஈர விரலே மருந்து. இப்பாடம் நாட்டின் நானூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளிலும் கட்டாயமாக்கப்படுகிறது," என்றார்.

அன்று வஞ்சிக்கு நெஞ்சு லேசானது. செத்துப்போனவளுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பின்னால் வெகுகாலம் வெட்கப்பட்டாள்.

முதல் ஆணை ஆறு மாதத்தில் வந்தது. பள்ளிக்குப் பள்ளி திசை மாறுபடுவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். ஆதலின் அன்றன்றைய காற்றின் திசையைத் தலைநகரே அறிவிக்கும். குறிப்பேட்டில் அதை எழுதினால் போதும். இரண்டாவது ஆணை, பாடவேளையில் சன்னல்களைச் சாத்தச் சொன்னது. தென்கரையில் பிள்ளைகளின் குறிப்பேட்டைப் பார்த்துக் கடலுக்குப் போன இரண்டு படகுகள் திரும்பவில்லை. அறிவிப்பில் பிழையில்லை, காற்றுதான் விதியை மீறியது என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. மூன்றாவது ஆணை, அறிவிப்போடு ஒத்துப்போகும் குறிப்பேட்டுக்கு முழு மதிப்பெண் என்றது.

ஏரிக்கரைப் பள்ளியை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. பாடம் பிறந்த இடமல்லவா? அங்கே ஈர விரல்கள் உயர்ந்துகொண்டே இருந்தன.

மாமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன. மதகை மூடி மாமன்றத் தோட்டங்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டதால்தான் என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். உப்பு வியாபாரி உலகன் மட்டும் அதை ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டான். நான்காம் நாள் காலை ஒரு காற்றாடி வந்தது. 'ஏரியின் கீழ்க்கரை மீனவர்களாகிய நாங்கள், உலகன் இன்று விடியலில் நஞ்சு கலக்கக் கண்டோம்' என்றது. மதியத்துக்குள் காவலர்கள் உலகனைப் பிடித்துப் போனார்கள்.

அவன் மகள் பூவாள் வஞ்சியின் வகுப்பில்தான் படித்தாள். அழுது வீங்கிய முகத்தோடு வந்து குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"டீச்சர், இன்னிக்கு மேக்காத்துன்னுதானே எழுதியிருக்கு? கிழக்கால இருக்கிற கீக்கரையிலேருந்து எப்படி டீச்சர் வரும்?"

மேற்கே என்ன இருக்கிறது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. மாமன்றத்தின் குன்று சன்னலிலிருந்தே தெரியும்.

மறுநாள் வரதுங்கன் மேளமில்லாமல் வந்தார்.

"ஒரேயொரு சொல் அம்மா. மேல் என்பதைக் கீழ் என்று திருத்திவிடுங்கள். தாங்கள் உருவாக்கிய பாடத்தின் மாண்பு காக்கப்படும்."

"பாத்து எழுதினது பிள்ளைங்க. அதை நான் எப்படிங்க மாத்துறது?"

"குழந்தைகள் பார்ப்பதைப் பெரியவர்கள் திருத்துவதற்குப் பெயர்தானே கல்வி?"

அவர் போன பின் வஞ்சி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மாற்றினால் யாரும் கேட்கமாட்டார்கள். யாரும் கேட்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவர் மன்றத்துக்குப் போனாள்.

நடுவர்கள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகப் படித்தார்கள். பிறகு நாட்டின் மற்றப் பள்ளிகளின் குறிப்பேடுகளை வண்டி வண்டியாகக் கொண்டுவரச் செய்தார்கள். நானூற்றுப் பதினொன்றிலும் அன்றைக்கு ஒரே சொல்தான் இருந்தது: கீழ்க்காற்று. எல்லாம் குழந்தைகளின் கையெழுத்து, எல்லாவற்றிலும் ஆசிரியர் ஒப்பம்.

"ஒன்று பொய்யா, நானூற்றுப் பதினொன்று பொய்யா?" என்று தலைமை நடுவர் வருத்தத்தோடு கேட்டார். "இவற்றைச் சரிபார்க்கும் முறையைத் தாங்களே அல்லவா எங்களுக்குக் கற்பித்தீர்கள்?"

உலகனைக் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் அனுப்பத் தீர்ப்பாயிற்று. வண்டி புறப்படும் இடத்துக்கு வஞ்சி ஓடினாள். பூவாள் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கோபமில்லை அவள் முகத்தில். கணக்குக்கு விடை தெரிந்துவிட்ட பிள்ளையின் முகம்.

"இந்தப் பாடத்தை நம்மளோடயே வச்சிருந்திருக்கலாம் டீச்சர்."

வஞ்சியை வேலையிலிருந்து நீக்கவில்லை. மாமன்றம் அவ்வளவு கொடியதல்ல. வரதுங்கன் அனுப்பிய கடிதத்தில், தங்களைவிடத் தகுதியானவர் எவருமில்லை என்றே எழுதியிருந்தது. எதற்கு என்பது அடுத்த ஆண்டு புதிய பாடநூல் வந்தபோது விளங்கியது. முப்பத்திரண்டாம் பக்கத்தில், 'பொய்ச் செய்தியை அடையாளம் காண்போம்' என்ற தலைப்பின் கீழ், அவள் குறிப்பேட்டின் பக்கத்தை அப்படியே அச்சிட்டிருந்தார்கள். அவள் கையெழுத்துக்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைச் சத்தமாகப் படித்தார்கள். நல்ல உச்சரிப்பு, ஒருவருக்கும் திக்கவில்லை. சன்னல்கள் சாத்தியிருந்தன. பக்கத்தின் அடியில் பயிற்சி வினா இருந்தது: 'இத்தகைய பொய்யை எழுதியவர்களுக்கு என்ன தண்டனை வழங்கலாம்? உன் சொந்தக் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.'

வஞ்சி எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நாற்பது தலைகள் குனிந்துவிட்டன. அறையில் எழுதுகோல்கள் உரசும் ஒலி மட்டும் கேட்டது. அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். எவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கை தூக்கினாள். கெட்டிக்காரப் பிள்ளை, கண்ணில் ஆர்வம் மின்னியது.

"டீச்சர், அஞ்சு வரி பத்தல. இன்னொரு தாள் தர்றீங்களா?"