செத்தவீட்டுப் பாட்டும் உயிரோடு இருக்கிற நானும்

சேசு மரி சூசை துணை

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.

மன்னாரில் இருக்கும் என் அன்பு அண்ணைக்குத் தம்பி செபமாலைமுத்து தலை வணங்கி எழுதுவது.

முதலில் இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது, கச்சான் காற்றில் அகப்பட்ட வள்ளம் மாதிரி. இங்கே கோவில் மண்டபத்தில் வயதுபோனவர்களுக்கு டயனா ரீச்சர் தமிழ் எழுதப் படிப்பிக்கிறா. போன மாரியில்தான் சேர்ந்தேன். ஒரு பந்தி எழுதி முடிக்கும்போது பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆனாலும் அண்ணை, என் கையில் இருந்து சொல் வருகிறது! வலை இழுத்த கை இது. எழுதி முடித்த ஒவ்வொரு வரியையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

'நான் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல்' என்று தொடங்குவதுதான் முறை என்று ரீச்சர் சொன்னா. என் விஷயத்தில் அதற்கும் முன்னால் எழுத வேண்டிய ஒன்று இருக்கிறது. நான் சாகவில்லை. அதற்குப் பிறகு, நான் சுகம்.

நீங்கள் சோறு தொடுவதில்லை, தாடி வழிப்பதில்லை, சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறீர்கள் என்று உங்கள் பேத்திப் பிள்ளை கம்சிகா போனில் அழுதாள். உங்களுக்குத்தான் காது போய்விட்டதே, போனில் கூப்பிட்டும் பிரயோசனமில்லை. நான் கை காட்டிச் சிரிக்கிற வீடியோவை அவள் உங்களுக்குக் காட்டினாளாம். நீங்கள் ஒருக்கால் பார்த்துவிட்டு, "றெக்கோட்டில செத்தவனும் பாடுவான், பிள்ளை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களாம். நீங்கள் சொல்வதும் சரிதான். உங்களோடு நின்று அந்த ஒப்பாரி றெக்கோட்டில் பாடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், நீங்கள் ஒருவர்தானே மிச்சம். ஆகையால்தான் கடிதம். செத்தவன் பாடலாம், சிரிக்கலாம். பேனை பிடித்து எழுதமாட்டான்.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் துக்கமணி அடித்தவுடன் ஒலிபெருக்கிக்காரர் போடுகிற அந்த ஒப்பாரி இசைத்தட்டு, நீங்கள் இளந்தாரியாக இருந்தபோது கொழும்புக்குப் போய்ப் பாடியது, அதை நான் சாரத்தில் சுற்றி இங்கே கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். உயிருள்ள வீட்டில் அந்தத் தட்டுச் சுழலக்கூடாது என்று என் மனுசி அதை அலுமாரிக்குப் பின்னால் வைத்தவள். அவள் போன பிறகும் அது அங்கேதான் கிடந்தது. இப்போது எங்களுக்கு மேலே உள்ள பிளாட்டுக்குப் பாலசுப்பிரமணியன் என்று ஒரு இந்தியத் தம்பி வந்திருக்கிறார். கொம்பியூட்டர் வேலை. தட்டுச் சுற்றுகிற மெசினைக் கொம்பியூட்டரில் பூட்டி, பழைய இசைத்தட்டுகளை எல்லாம் அதற்குள் ஏற்றி வைத்து, நல்ல ஸ்பீக்கரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர். பாட்டுக் கேட்கும்போது அவருடைய மனுசி ராஜலட்சுமி கூப்பிட்டாலும் கேட்காது. அவரிடம் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தூசி துடைத்து, ஊசியை மெல்ல இறக்கினார். அண்ணை, உங்கள் குரல் எழும்பியது! கதிரையை ஸ்பீக்கருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். ஸ்கிரீனைப் பார்த்தால் உங்கள் குரல் கடல் அலை மாதிரி வரி வரியாய் ஓடுகிறது. நீங்கள் மூச்சு எடுக்கிற இடத்தில் கடல் அடங்குகிறது.

"பெரியவரே, அருமையான வாய்ஸ். ஆனா நாய்ஸ் ஜாஸ்தியா இருக்கு, க்ளீன் பண்ணிடறேன்" என்றார் அவர்.

"எது தம்பி நொய்ஸ்?"

"இந்தா பாருங்க, ரெண்டாவது அடிக்கு அப்புறம் யாரோ இருமுறாங்க."

"அது எங்கட அண்ணை. அதை விடு."

"இருமலை எதுக்குங்க வச்சுக்கணும்?"

"பாட்டை வேணுமெண்டால் வெட்டு தம்பி. இருமலை வெட்டாதை."

மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் வெட்டவில்லை. அடுத்த நாள் எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் பாட்டை ஏற்றி, இரண்டு ஸ்பீக்கர் பூட்டி, "முடிஞ்சதும் மறுபடி கேக்கணும்னா இந்த வட்டமான அம்பை அமுக்குங்க" என்று காட்டித் தந்துவிட்டுப் போனார். நான் அம்பை அமுக்கினேன். நல்ல வெயில் நாள், யன்னல் திறந்திருந்தது. மகள் றூபினி வேலைக்குப் போய்விட்டாள். மத்தியானச் செபத்துக்காகச் செபமாலையைக் கையில் எடுத்தபடி சோபாவில் சாய்ந்தேன். வெள்ளைச் சாரம் கட்டியிருந்தேன். உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே, தோணியில் உங்கள் காலடியில் சுருண்டு தூங்கிய பொடியன் மாதிரி அப்படியே தூங்கிப்போனேன். பாட்டு முடிந்து முடிந்து திரும்பத் தொடங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டு றோஸ்மலர் எங்கள் ஊர்தான், கோவில் செபக்குழுவுக்குத் தலைவி. கடைக்குப் போய்விட்டு வந்தவவுக்கு வீதியிலேயே அந்தப் பாட்டுக் கேட்டிருக்கிறது. வேறு யார் என்றாலும் யாரோ கிழவன் பாட்டுக் கேட்கிறான் என்று போயிருப்பார்கள். எங்கள் ஊர்க் காதுக்கு அந்தப் பாட்டு என்றால் பிரேதம். யன்னலால் எட்டிப் பார்த்தால் நான் வாயைத் திறந்தபடி, நெஞ்சில் செபமாலையோடு, வெள்ளையில் கிடக்கிறேன். எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கிற திறப்பு ஒன்று அவவிடம் இருக்கிறது, ஆனாலும் செத்தவனிடம் தனியே போகக்கூடாது என்று வெளியில் நின்றே போன் எடுத்துச் செபக்குழு முழுவதற்கும் சொல்லியிருக்கிறா. செபக்குழுவில் ஒருவர் என் படத்தைப் போட்டு, பூவும் மெழுகுதிரியும் வைத்து அனுப்ப, அது மன்னாருக்கு வந்து சேர, ஊர்க் கோவிலில் எனக்காகத் துக்கமணி அடித்து முடிந்துவிட்டது. நான் இன்னும் குறட்டை விட்டபடி.

எனக்கு முழிப்பு வந்தபோது சுற்றிவர ஆட்கள் முழங்காலில் நின்று செபமாலை சொல்கிறார்கள். நான் செபத்துக்கு நடுவில் தூங்கிவிட்டேன் போல என்று வெட்கமாய்ப் போயிற்று. அவர்கள் "அருள்நிறைந்த மரியாயே" என்று முதற்பாதியைச் சொல்லி நிறுத்த, மற்றப் பாதியை நான் எடுத்துச் சொன்னேன்.

றோஸ்மலரின் கையில் இருந்த தேத்தண்ணிப் பிளாஸ்க் விழுந்தது. ஒருவர் என் காலைக் கட்டிப் பிடித்தார். ஒருவர் வாசல் வரைக்கும் ஓடிவிட்டார்.

"செபமாலை அண்ணை! உயிரோட இருக்கிறவன் போடுற பாட்டே இது?" என்று றோஸ்மலர் கத்தினா. "நான் யன்னலடியில நிண்டு எவ்வளவு அழுதனான் தெரியுமே!"

"அழுததை வைச்சிரு பிள்ளை, வீணாய்ப் போகாது" என்றேன்.

அந்த நேரம் பார்த்து றூபினி ஓடிவந்தாள். யாரோ அவளுக்கு ஆறுதல் சொல்லிப் போன் எடுத்திருக்கிறார்கள். "அப்பா! ஓ மை கோட், அப்பா!" என்று கட்டிப் பிடித்தாள், பிறகு தோளில் நல்லாய் ஒரு அடி போட்டாள், பிறகு திரும்பவும் கட்டிப் பிடித்தாள். செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்று எல்லோரும் சோறு கொண்டுவந்திருந்தார்கள். செத்தவீட்டுக்குக் கொண்டுபோன சோறு திரும்பிப் போகக்கூடாதே. ஆகவே எல்லோரும் இருந்து சாப்பிட்டோம். என் செத்தவீட்டுச் சோற்றை நானே சாப்பிட்டேன், அண்ணை. கத்தரிக்காய்க்கு உப்புக் குறைவு, மற்றது எல்லாம் திறம். அழுது வீங்கிய கண்ணோடு அவ்வளவு பேரும் சிரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாலசுப்பிரமணியன் மட்டும் மேலே இருந்து இறங்கிவந்து, "நான் ஒரு பட்டன்தானே காட்டினேன்" என்று வெளிறிப்போய் நின்றார்.

உங்கள் குரல்தான் என்னைச் சாகடித்தது. ஆகையால் என்னை உயிர்ப்பிக்க வேண்டியதும் நீங்கள்தான்: எழும்புங்கள், தாடியை வழியுங்கள், மச்சாளிடம் ஒரு பிடி சோறு வாங்கிச் சாப்பிடுங்கள்.

இந்த எழுத்தை நம்பமாட்டீர்கள் என்று தெரியும். "அவனுக்கு எழுதத் தெரியாது, ஆரோ எழுதிக் கொடுத்திருக்கினம்" என்பீர்கள். ஆகையால் கீழே என் பெயரையும் போட்டு, பழைய மாதிரி வலது பெருவிரலையும் நீல மையில் வைத்திருக்கிறேன். திருக்கை முள் கிழித்த தழும்பு குறுக்கே தெரியும். அன்றைக்குப் புகையிலை வைத்துக் கட்டிவிட்டது நீங்கள்தான். அந்தக் காயம் பற்றி உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

மச்சாளுக்கும் பிள்ளை கம்சிகாவுக்கும் என் அன்பு. மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் பொத்தி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு இருக்கும் தம்பி,
செபமாலைமுத்து
(பெருவிரல்)

பிற்குறிப்பு: கோவிலில் எனக்கு முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்களாம். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், திகதியை மட்டும் தள்ளிப் போடச் சொல்லுங்கள். தட்டைக் கொடுக்க முன்னமே ஒருநாள் பாலசுப்பிரமணியன்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனவர். டொக்டர் நெஞ்சுப் படத்தை ஸ்கிரீனில் போட்டு, நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். இந்த வெள்ளையைக் க்ளீன் பண்ண ஏலாதோ என்று கேட்டேன். தம்பி அதை இங்கிலிசில் கேட்டுவிட்டு, மறுமொழியை எனக்குச் சொல்ல மாட்டாமல் கார் நிற்பாட்டுகிற இடத்தில் நின்று அழுதார். அதற்காகத்தான் தட்டை ஏற்றினேன். இங்கே செத்தவீடு நடத்துகிறவர்கள் பாட்டைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தரச் சொல்லித்தான் கேட்கிறார்கள். என்னை நீங்கள்தான் பாடி அனுப்ப வேண்டும், இருமலோடு. றூபினிக்கு இன்னும் சொல்லவில்லை. இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் வாசிக்கத் தெரியாது; இந்தக் கடிதம் மேசையில் அவளுக்கு முன்னால்தான் விரிந்து கிடக்கிறது. "வாவ், அப்பா, யுவர் ரைட்டிங்!" என்று முத்தம் தந்துவிட்டுப் போகிறாள். அடுத்த கிழமையும் எழுதுவேன். அதற்கு அடுத்த கிழமையும். கடிதம் வராத கிழமைதான் நான் செத்த கிழமை. ஆனால் தபால் பிந்தினாலும் பிந்தும், அவசரப்பட்டு அழ வேண்டாம். அதுவரைக்கும் சோறு சாப்பிடுங்கள்.