ஏரி நடுவில் வாந்திபேதி

லைட்ஹவுஸ் குப்பம்
1983, ஆனி மாதம்

மேன்மை தங்கிய சம்பந்தி திருவேங்கடம் அவர்களுக்கு ஆதிநாராயணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கு யாவரும் சுகம், முக்கியமாக வயிறு சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன்.

எங்கள் குப்பத்தில் வாந்திபேதி என்று தங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் ஜீப்பில் மைக் கட்டிச் சொன்னார்களாம், அதைக் கேட்டுத் தாங்கள் கல்யாணத்தையே நிறுத்தப் பார்க்கிறீர்களாம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, வயிறு எரிகிறது. நடந்தது இதுதான். சுகாதார ஆய்வாளர் உலகநாதன் என்பவர் வந்து, பஜனைக் கோயில் சுவரில் குப்பமும் ஏரியும் சேர்ந்த பெரிய வரைபடம் ஒன்றை மாட்டி, சில வீடுகளின் மேல் சிவப்புக் கொண்டை வைத்த குண்டூசி குத்திவிட்டுப் போனார். யார் வீட்டில் பேதியோ அங்கே ஒரு குண்டூசி, நோய் எந்தக் கிணற்றைச் சுற்றி வருகிறது என்று பார்த்ததுமே தெரியுமாம். இதைப் பெண்களிடம் சொன்னார், ஆம்பளைகள் கடலில் இருந்தோம். தாங்கள் ரயில்வேக்குப் போனபின் மறந்திருக்கும், ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிப்போமே, அது நடப்பதும் அதே பஜனைக் கோயிலில்தான். அங்கே சர்க்கார் முத்திரையோடு ஏரிப் படமும் குண்டூசியும் இருந்தால் மனுஷன் என்ன நினைப்பான், இந்த வருஷம் சர்க்காரே பாடு பிரிக்கிறது என்றுதான் நினைத்தோம். "எல்லம்மா வூட்டுக்குக் குத்திக்கீறாங்க, எனக்கு இன்னாத்துக்கு இல்ல"னு ராமன் குதிக்க, பழவேற்காடு பஷீர் கடையில் குண்டூசியே தீர்ந்து போச்சு. இறால் விழும் இடமாகப் பார்த்து ஆளாளுக்குக் குத்தினார்கள். குப்பத்துத் தலைவன் என்ற மரியாதைக்கு நானும் ஒன்று குத்தினேன்.

மறுபடி வந்த உலகநாதன் படத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏரி நடுவில் இருந்த குண்டூசியைக் காட்டி, "இங்க யாருய்யா?" என்றார்.

"நான்தான் சார்" என்றான் ராமன் பெருமையாக.

"எத்தன நாளா?"

"எங்க தாத்தா காலத்துலர்ந்து சார்."

மனுஷன் பொன்னேரி சுகாதார ஆபீசுக்கு போன் அடித்துவிட்டார். அங்கிருந்து கிளம்பியதுதான் அந்த ஜீப். மற்றபடி இங்கே பேதியும் இல்லை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டின் மேல் ஒரு குண்டூசிகூடக் கிடையாது, தாங்களே வந்து படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். குறித்த முகூர்த்தத்தில் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் கை நனைத்துப் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாளை என் சம்சாரம் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆதிநாராயணன்

பி.கு.: மாமாவுக்கு, மருமகளாக வரப்போகும் சாமுண்டீஸ்வரியின் நமஸ்காரம். லெட்டரை ஒட்டித் தபாலில் போடச் சொல்லிவிட்டு நைனா செம்போடு சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடியிருக்கிறார். காலையிலிருந்து இதே ஓட்டம்தான். எங்கள் வீட்டின் மேலும் குண்டூசி இருந்தது மாமா, உலகநாதன் சார் முதல் நாளே குத்தியது. அதைப் பிடுங்கித்தான் நைனா ஏரியில் குத்தினார். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வையுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம். அதுவரை அங்கே அவரையும் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள்.