ஆரோக்கியர் ஏழு

மனித குலத்தின் இதயத்தைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதையும் அந்த ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடி ஏற்றுக்கொண்டிருந்தது. இதய நோய் முற்ற முற்ற எந்த மரபணு குரலை உயர்த்துகிறது, எது வாயை மூடிக்கொள்கிறது என்பதைச் சில சொட்டு ரத்தத்திலேயே கேட்டுவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட காதுகள்!

நோயாளிகளோடு ஒப்பிட 'ஆரோக்கியர்கள்' வேண்டுமே? வெளியே அலைவானேன் என்று ஊழியர்களிடமே ரத்தம் எடுத்தார்கள். ஆளுக்கொரு எண், பெயரை மறந்துவிட வேண்டும் என்பது விதி. ரத்தம் எடுத்த இளம் ஆய்வாளருக்கு அந்தத் திறமை போதவில்லை. ஏழாம் எண், டிரைவர் அண்ணன். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லும்மா, அதுவரைக்கும் நான் இங்க இல்ல" என்றவர்.

கூட்டத்தில் வரைபடம் திரையேறியது. நோயாளிகளின் புள்ளிகள் மேலே, ஆரோக்கியர்கள் கீழே. ஒரே ஒரு ஆரோக்கியர் மட்டும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் நோய் முற்றியவர்களின் நடுவே இருந்தார்.

"யாருய்யா அது, கூப்பிடாத வீட்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கறது?" என்றார் இயக்குநர்.

"ஏழு, சார். சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டோம். நகரவே மாட்டேங்குது."

"பிடிவாதம் பிடிச்ச புள்ளி!"

ரத்தம் எடுத்தவள் எழுந்தாள். "சார், அவருக்கு நிஜமாவே நோய் இருந்தா? கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடலாமே..."

"யாரைம்மா? நமக்கு யாரையும் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் நெறிமுறை."

சபை ஆழ்ந்து சிந்தித்தது. புள்ளி நீக்கப்பட்டது. வரைபடத்தின் கோடு அழகாக நிமிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் கடவுளை வேண்டிக்கொண்டு கீழே ஓடினாள். டிரைவர் அண்ணன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"வாங்கத்தான் செய்யுது. லிஃப்ட்ல ஏற விட்டா வாங்காது."

"கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம். இப்பவே."

"ஐயோ, சாரை வீட்ல விடணுமேம்மா!"

"சார் நடப்பார். இதயத்துக்கு நல்லது."

மருத்துவமனையில் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, அன்றே படுக்கவைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், பதறி வந்திருந்த டிரைவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நடந்தே வீடு சேர்ந்த இயக்குநர் விசாரணைக் குழு அமைத்தார். குற்றச்சாட்டு: "ஆய்வு மாதிரியிடம் நலம் விசாரித்தது." குழு பாரபட்சமின்றி விசாரித்தது. சாட்சிக்கு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. மாதிரியே உயிரோடு வந்து வாசலில் நின்று, "பாப்பாவை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார்" என்றது. குற்றம் சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமானது.