மென்று தின்ற களி

இப்போதெல்லாம் வீட்டில் களி போட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதையே பந்தல் கட்டி, 'மரபு உணவு விழா, பிளாஸ்டிக் கூடாது' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டால் காரில் வந்து வரிசையில் நிற்கிறார்கள். சூளகிரி மண்டப வாசலில் தையல் இலைக் கட்டைப் பிரித்தபடி கிருஷ்ணப்பன் இப்படித்தான் முனகிக்கொண்டிருந்தார்.

"மெதுவா மாமா," என்றாள் மருமகள் ரேவதி. "கம்பெனி கேன்டீன் மேனேஜர் பாஸ்கரன் சார் சாப்பிட்டுப் பார்க்க வர்றாரு. அவருக்குப் பிடிச்சாத்தான் எங்க மகளிர் குழுவுக்குக் களி ஆர்டர்."

"வந்து தின்னட்டும்," என்றவருக்குச் சொல்லோடு காற்றும் வந்தது. நாக்கால் தடவினார். மேலே முன்பல் செட்டைக் காணோம்.

சற்று முன்தான் களிச்சட்டிக்குள் தலையை விட்டு வாசம் பிடித்திருந்தார்.

ரேவதியோ அத்தனையையும் உருண்டை பிடித்து அடுக்கிவிட்டாள். அவர் ஓர் உருண்டையைப் பிளந்தார். இல்லை. இன்னொன்றைப் பிளந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"கட்டி கிட்டி இருக்குதான்னு பாக்கறேன்."

"நான் கிண்டின களியிலயா?" ரேவதி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதற்குள் பாஸ்கரன் இலையோடு வந்துவிட்டார். தலை நரைத்த மனிதர். ஊர்க்காரர்களைப் போலவே ஒரு துண்டைக் கிள்ளி மொச்சைக் குழம்பில் புரட்டினார். இனி ஒரே விழுங்கு. கிருஷ்ணப்பன் ஓரடி முன்னே வந்தார். பல்லும் சேர்ந்து உள்ளே போனால் ஆர்டர் மட்டுமா போகும்?

"சார், முழுங்காதீங்க. மென்னு தின்னுங்க."

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"களியை எவனாவது மெல்லுவானா? கேட்டியா கூத்தை," என்றாள் பின்னால் நின்ற காளியம்மாள்.

"நல்லா மெல்லுங்க சார். அதான் உடம்புக்கு."

பெரியவர் சொல்கிறாரே என்று பாஸ்கரன் மென்றார். களி பசையாக ஒட்டியது. தாடை நின்றது. கைக்குட்டையால் வாயைப் பொத்தித் திரும்பிக்கொண்டு எதையோ எடுத்தார்.

கிருஷ்ணப்பன் பாய்ந்து பிடுங்கினார். பல் செட்டுதான். செம்புத் தண்ணீரில் அலசி வாயில் மாட்டினார். ஈறில் குத்தியது. களிச்சூட்டில் சுருங்கியிருக்கும் என்று கட்டைவிரலால் அழுத்தினார். ரேவதி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கிய அவர் மனைவி வெங்கடம்மாள், கூட்டத்தை விலக்கி வந்து ஒரு டம்ளரை நீட்டினாள்.

"ஏங்க, காலைல களியை முழுங்கிட்டு, பல்லைப் போடாமலே பஸ் ஏறிட்டீங்களே."

எல்லோரும் கிருஷ்ணப்பன் வாயைப் பார்த்தார்கள். பாஸ்கரன் ஒரு கையால் வாயைப் பொத்தியபடி மறு கையை நீட்டினார்.

"களி நல்லா இருக்கும்மா, ஆர்டர் உனக்குத்தான்," என்றார் ரேவதியிடம். "பெரியவரை மட்டும் கேன்டீன் பக்கம் அனுப்பாதே."

கிருஷ்ணப்பன் கழற்றிக் கொடுத்தார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி, உள்ளே கிடந்த தன் பல் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எவனோடதோ," என்று சொல்லி, அதை வெங்கடம்மாள் கையிலேயே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.