நான் அடித்த மூன்று வார்த்தைத் தந்தி

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தப்புதான் செய்திருக்கிறேன். என் சம்சாரத்தைக் கேட்டால் வேறு எண்ணிக்கை சொல்லுவாள். மனசாட்சியைத் தொட்டு நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதனால் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். இன்று அரியலூரில் என் பெயரில் கடலை எண்ணெய் மில் ஓடுகிறது. பி.ஏ. படித்தவர்கள் என் முன்னால் நின்றபடிதான் பேசுகிறார்கள். (நாற்காலி போட்டிருக்கிறேன். அவர்களாகத்தான் உட்காருவதில்லை.) இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்பேர்ப்பட்டவன் இருபத்திரண்டு வயதில் எப்படிப்பட்ட மடையனாக இருந்தான் என்பது தெரிந்தால்தான் நான் ஏறி வந்த உயரம் உங்களுக்குப் புரியும்.

அது யுத்த காலம். உடையார்பாளையத்துக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில் எண்ணெய்க்கும் துணிக்கும்தான் பஞ்சம், கடுதாசிக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்துக்குப் போயிருந்தான். அவர்களுக்கெல்லாம் கடுதாசி எழுதுவது நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

தமிழோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். ஒருமுறை பெரம்பலூர் சந்தைக்கு மாடு பார்க்கப் போனவன், மளிகைக்கடையில் புளி வாங்கினேன். கடைக்காரர் புளியை மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, எதிரே தமிழில் அர்த்தம். யாரோ ஒரு பாதிரியார் ஊரைவிட்டுப் போகும்போது எடைக்குப் போட்ட பழைய அகராதியாம். மாட்டை மறந்துவிட்டு மிச்சமிருந்த அகராதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முன்னாலிருந்து புளிக்கும் பின்னாலிருந்து மிளகாய்க்கும் கிழித்தது போக, எல் எழுத்தில் தொடங்கி ஆர் எழுத்தோடு முடிந்தது அது.

இங்கிலீஷ் எழுத்துகளைப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர்களிடம் கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. ஏர் ஓட்டும்போது, மாடு குளிப்பாட்டும்போது, சாப்பிடும்போது, எந்நேரமும் மனப்பாடம். அதிலும் சில்லறை வார்த்தைகளை நான் தொடுவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும் (எனக்குத் தெரியாது, அது வேறு விஷயம்). லுகூப்ரியஸ் என்றால் துயரந்தோய்ந்த. மெண்டிகன்ட் என்றால் இரந்துண்பவன். பியூசிலானிமஸ் என்றால் நெஞ்சுரமற்ற. ஒப்ஸ்ட்ரெபரஸ் என்றால் பெருங்கூச்சலிடுகிற. இந்தக் கடைசி வார்த்தையால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை ஒருநாள் திட்டினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தண்ணீருக்கு இங்கிலீஷில் என்ன என்று யாராவது கேட்டால் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அது மிளகாய் கட்டிப் போயிருந்தது.

ஊர் என்னைப் பெரிய இங்கிலீஷ்காரன் என்று நம்பியது. அதைவிட ஆபத்து, நானும் நம்பினேன்.

அப்போதுதான் சின்னப்பொண்ணுப் பெரியம்மா படுத்தாள். என் அம்மாவின் அக்கா, எங்கள் தெருதான். புருஷன் இளம் வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன் சாமிதுரை, எனக்கு நாலு வயது மூத்தவன். பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே ஜபல்பூர் பக்கம் முகாமில் இருந்தான். பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி. உடையார்பாளையத்திலிருந்து வந்த வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, மகன் இருந்தால் வரச் சொல்லுங்கள், பத்து நாள் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கோயிந்து, மருந்தெல்லாம் வேணாம்டா. தொரைய ஒருதரம் பாத்துட்டன்னா போதும். நீதான் வரவக்கணும்."

மறுநாள் விடிந்ததும் அரியலூருக்கு வண்டி கட்டினேன். வழியெல்லாம் வார்த்தை தேடினேன். மகனுக்கு லீவு வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே மாதிரிதான் தந்தி அடிப்பார்கள்: மதர் சீரியஸ், ஸ்டார்ட். அந்த வார்த்தை தேய்ந்து போயிருந்தது. நன்றாக இருக்கிற அம்மாக்களையெல்லாம் சீரியஸ் ஆக்கிப் பையன்கள் லீவில் வந்துகொண்டிருந்தார்கள். என் பெரியம்மாவுக்கு அதே எச்சில் வார்த்தையா? லீவு கொடுக்கிற வெள்ளைக்காரத் துரை படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாமா?

தபால் ஆபீஸ் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தார்.

மேட்டர்னல் பேரன்ட் மோரிபண்ட்.

"என்னா தம்பி இது?"

"தாயார் மரணத்தறுவாயில் இருக்கிறார்னு அர்த்தங்க."

"சீரியஸ்னு போட்டா போதுமே. முப்பது வருசமா அதத்தான் அடிச்சிக்கிட்டிருக்கன்."

"அது சாதாரண சனங்களுக்குங்க."

அவர் கோபப்படவில்லை. பென்சிலை என் பக்கம் நீட்டினார். "சரி, ஸ்டார்ட்னாச்சும் ஒண்ணு சேத்துக்கங்க. அப்பத்தான் பையன் கெளம்புவான்."

ஸ்டார்ட் என்பது வண்டிக்காரனிடம் சொல்கிற சொல், பட்டாளத்து வெள்ளைக்காரத் துரை மோரிபண்டைப் பார்த்ததும் அவராகவே அனுப்பி வைப்பார் என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற இரண்டு பேர் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் பெரியம்மா, தந்தி போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த ஜில்லாவிலேயே இதுவரை யாரும் அடிக்காத வார்த்தை என்று அளந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்புடி என்னாடா வார்த்த? சொல்லு, நானும் கேக்குறன்."

சொன்னேன். அவளும் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். பல்லில்லாத வாய்க்கு அது வரவில்லை.

"அதுக்கு என்னா அர்த்தம்?"

கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் அர்த்தம் சொல்லித் திரிந்தவன் நான். அன்றைக்குத்தான் முதல் முறையாக, தெரிந்த அர்த்தத்தைச் சொல்ல முடியாமல் நின்றேன். "அம்மாவுக்குப் பாக்கணும்னு ஆசையா இருக்கு, வாடான்னு அர்த்தம் பெரியம்மா" என்று ஒரு பொய் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அவ்ளோத்தையும் ஒரே வார்த்தையில சொல்லிப்புட்டானுவளா. வெள்ளக்காரன் கெட்டிக்காரன்தான்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்ன அவ்வளவில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. ஆனாலும் அந்தச் சுருக்கை உதறிவிட்டு வெளியே போய்விட்டேன். அந்த வயதில் எனக்கு அதெல்லாம் நிற்காது.

மூன்றாம் நாள், நாலாம் நாள். அரியலூரில் ரயில் வந்து போகிற நேரமெல்லாம் பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வாசலில் யார் நடந்தாலும் தலையைத் தூக்குவாள். கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தொரை வந்ததும் குடிக்கிறேன் என்பாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு, சாமிதுரைக்குப் பதிலாகச் சைக்கிளில் தந்திக்காரர் வந்தார்.

எங்கள் பக்கத்தில் அன்றைக்குத் தந்தி என்றால் சாவு. பட்டாளத்துக்காரன் வீட்டுக்குத் தந்தி என்றால் எந்தச் சாவு என்று சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பியதுமே ஒரு கிழவி மார்பில் அடித்துக்கொண்டு, எங்கப்பா சாமிதொர என்று ஒப்பாரி எடுத்தாள். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் தெருவே கூடி அழுதது. எல்லாரும் வழிவிட்டார்கள், எனக்கு. இங்கிலீஷ்காரன் நான்தானே.

தாளைப் பிரித்தேன். ஐந்து வார்த்தைகள். முதல் வார்த்தை டி எழுத்து, என் அகராதிக்கு வெளியே. மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. எனக்குத் தெரிந்தது இரண்டு. இரண்டாவது வார்த்தை, நாட். ஐந்தாவது, மீனிங்.

"என்னடா போட்டுருக்கு, வாயத் தொறந்து சொல்லு" என்று என் அம்மா உலுக்கினாள்.

தெரிந்ததைச் சொல்லிவிடுவோம், மற்றது அப்புறம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் நினைத்ததில்லை. "நாட்னு இருக்கு. நாட்னா இல்லன்னு அர்த்தம்" என்றேன்.

"இல்லையாம்" என்று ஒருத்தி அலறினாள். அந்த ஒரு சொல் தெரு முழுக்க ஓடியது. அழுகை இரண்டு மடங்கானது. கதவுப் பக்கம் ஏதோ சரிகிற சத்தம். திரும்பிப் பார்த்தால், ஐந்து நாளாக எழுந்திருக்காத பெரியம்மா தவழ்ந்து வாசற்படி வரைக்கும் வந்து கிடந்தாள்.

தந்திக்காரர் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார்.

"அட அழுவாதீங்கம்மா, நிறுத்துங்க. ஆளு உசுரோட கல்லு மாதிரி இருக்கான். இங்கேருந்து போன தந்தி புரியலயாம். அர்த்தம் என்னான்னு திருப்பி அடிக்கச் சொல்லிக் கேட்டுருக்கான்."

அழுகை நின்றது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர், எங்கள் தாய்மாமன், மெதுவாகக் கேட்டார்: "அப்ப அவன் இன்னும் கெளம்பவே இல்லியா?"

எல் முதல் ஆர் வரைக்கும் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை.

பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். அவள் அழவில்லை. "உசுரோட இருக்கான்ல, அது போதும், கோயிந்த யாரும் திட்டாதீங்க" என்றாளாம். என் காதில் விழ வேண்டும் என்றே அம்மா அதைச் சத்தமாகச் சொன்னாள்.

அன்று மதியமே மாமன் என்னை அரியலூருக்கு இழுத்துக்கொண்டு போனார். குமாஸ்தா தாமாகவே தாளை எடுத்து, தேய்ந்து போன அந்த மூன்று வார்த்தைகளை எழுதி, தந்திக் கட்டையைத் தட்டினார். அந்தத் தந்தி போய்ச் சேர்ந்த அன்றே சாமிதுரைக்கு லீவு கிடைத்துவிட்டது. வடக்கேயிருந்து ரயிலில் மூன்று நாள்.

பெரியம்மா எட்டாம் நாள் விடியற்காலையில் போனாள். மகன் எந்த ஊரைத் தாண்டியிருப்பான் என்று யாருக்கும் தெரியாது. பிணத்தை வைத்திருக்க முடியாத வெயில். கொள்ளி வைக்க வேண்டியவன் ரயிலில் இருந்ததால், மகன் முறையில் நான் வைத்தேன்.

மறுநாள் காலை பால் தெளித்துக்கொண்டிருந்தபோது, தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பூட்ஸ் காலோடு சாமிதுரை சுடுகாட்டுக்கே வந்துவிட்டான். சாம்பலைப் பார்த்துவிட்டுப் பெட்டியை இறக்கினான். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து என் தந்தியை எடுத்தான்.

"இதுக்கு அர்த்தம் என்னாடா?"

சொன்னேன்.

மடித்துத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அதைப் பற்றி என்னிடம் தனியாக அவன் பேசியதே இல்லை.

தனியாகத்தான் இல்லை. சபையில் வேண்டிய மட்டும் பேசுவான். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் சாமிதுரை அண்ணன் இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். முகாமில் ஒருவன் பண்ட் என்றால் ஏதோ யுத்தப் பத்திரம், உனக்குப் பணம் வருகிறது என்று விருந்து கேட்டானாம். ஒருவன் அது மருந்துப் பெயர் என்றானாம். மேலதிகாரி ஊரில் இல்லாத நேரம் ஒரு ஹவில்தார், இது ஜப்பான்காரனுக்குப் போகிற ரகசிய பாஷை என்று சந்தேகப்பட்டு, இரண்டு நாள் அண்ணனை வெளியே விடாமல் விசாரித்தானாம். அந்த ஹவில்தார் முழித்த முழியை அண்ணன் நடித்துக் காட்டினால் பந்தலே குலுங்கும். நான் நாட் என்று படித்ததையும் தெருவே ஒப்பாரி வைத்ததையும் அவன் சொல்லும்போது நானும் சிரிப்பேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால், என் பேனாவை ஒளித்து வைக்கச் சொல்லி மருமகள்கள் கிண்டல் செய்கிற அளவுக்கு அது பிரசித்தம். மில்லுக்கு முதலாளியாகி என்ன, இந்த ஒன்றில் எனக்கு உயர்வே இல்லை.

அண்ணன் கதையை எப்போதும் தந்திக்காரர் தாளைப் பிடுங்குகிற இடத்தில் நிறுத்திவிடுவான். அதற்குமேல் போனதில்லை. சின்னப்பிள்ளைகள் எல்லாரும் கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன தை மாதம் ஒரு காதுகுத்தில், எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, என் பேத்தி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பறம் நீங்க வந்து ஒங்க அம்மாவப் பாத்தீங்களா தாத்தா?"

அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பந்திப் பக்கம் திரும்பினான்.

"எலையப் போடச் சொல்லுங்கப்பா. புள்ளைங்க பசியா இருக்கும்."